காலில் சக்கரம் கட்டியவர் என்று நாம் சொன்ன மாமா

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



சென்ற மாதம் நம் சகோதரியின் வீட்டில் ஓர் ஆலோசனை நடைபெற்றது. ஐந்தாம் வகுப்பில் பயிலும் அவருடைய மகன் அமராவதி நகர் சைனிக் பள்ளியின் நுழைவுத் தேர்வை எழுத விரும்புகிறான். மாலையில் நம் மத்ரஸாவில் ஓதும் பிள்ளை; யாஸீன் சூராவைப் பிழையின்றி மனனம் செய்தவன். விண்ணப்பிக்கலாமா, வேண்டாமா என்பதே பேச்சு. குடும்பத்தின் மூத்தவர் ஒருவர் ஒரே சொல்லில் அதை முடித்துவிட்டார்: "வேண்டாம். இன்னொரு பெரிய மாமாவை இந்தக் குடும்பம் தாங்காது."

இருந்தவர்கள் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. பெரிய மாமாவைப் பற்றி அவ்வாறு பேசும் வழக்கத்தை வளர்த்தவர்களுள் நாமும் ஒருவர் என்பதே காரணம்.

நம் தாயாரின் மூத்த சகோதரர் அவர். 1955ல் தாராபுரத்தில் பிறந்தார். நம் ஊர் வழியே ஓடும் அமராவதி ஆற்றின் மேற்பகுதியில், ஆனைமலையின் அடிவாரத்தில், அணைக்கு அருகே 1962ல் சைனிக் பள்ளி தொடங்கப்பட்டது. நாட்டின் பல மாநிலங்களில் அக்காலத்தில் நிறுவப்பட்ட இத்தகைய பள்ளிகளின் நோக்கம், எளிய குடும்பத்துப் பிள்ளைகளையும் கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குத் தகுதியாக்கி, முப்படைகளின் அதிகாரிகளாக உயரச் செய்வதாகும். 1966ல் மாமா அங்கே சேர்ந்தார். ஊரில் பலர் முகம் சுளித்தனர். இராவுத்தர் என்னும் பெயரே குதிரை வீரரைக் குறிப்பதாகப் பெரியோர் சொல்வர். அப்பெயரைத் தாங்கிய குடும்பம், தன் பிள்ளை படைப் பள்ளிக்குப் போவதைக் கண்டு அஞ்சியது வியப்பே.

விடியுமுன் எழுதல், உடற்பயிற்சி, அணிவகுப்பு, விரிப்பில் சுருக்கமின்றிப் படுக்கையை மடித்தல், காலணியைத் தானே துலக்குதல், ஆங்கிலத்தில் பேசுதல் என ஆறாண்டுகள் கழிந்தன. 1972ல் அகாடமியின் எழுத்துத் தேர்வில் தேறினார். அடுத்த நேர்காணலிலும் தேறினார். இறுதியில் நடந்த மருத்துவப் பரிசோதனையில், கண் பார்வையின் காரணத்தால் தகுதியற்றவர் என்று முடிவாயிற்று. ஆறாண்டு ஆயத்தமும் ஒரே முற்பகலில் முடிந்துபோயின.

இராமேசுவரத்து அப்துல் கலாம் அவர்கள் விமானப்படை விமானியாக விரும்பி டேராடூனில் தேர்வுக்குச் சென்றதும், எட்டுப் பேருக்கே இடமிருக்க, ஒன்பதாம் இடம் பெற்றுத் திரும்பியதும் பலரும் அறிந்த செய்தி. அந்தத் தோல்வியைச் சொல்லி நாம் பிள்ளைகளுக்கு ஊக்கமூட்டுகிறோம். அதே தோல்வி நம் வீட்டுப் பிள்ளைக்கு நேர்ந்தபோதோ, "போனவன் போனபடி வந்தான்" என்றோம். பிற்காலத்தில் புகழ் சேர்ந்தால் தோல்வி பாடமாகிறது. சேராவிட்டால் அது குறையாகவே நிலைத்துவிடுகிறது.

அதன்பின் மாமாவின் வாழ்க்கை பல தொழில்களில் நடந்தது. கோவையில் ஒரு நூற்பாலையில் வருகைப் பதிவு எழுத்தராக இருந்தார். அஞ்சல் வழியில் பட்டம் பெற்றார். திண்டுக்கல்லில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் கணக்கு எழுதினார். 1982ல் குவைத்துக்குச் சென்று, ஒரு கட்டுமான நிறுவனத்தின் பண்டகசாலையைப் பார்த்துக்கொண்டார். 1990 ஆகஸ்ட் 2ஆம் நாள் ஈராக்கின் படைகள் குவைத்துக்குள் புகுந்தன. கையிலிருந்த குவைத் தினார் வெறும் காகிதமாகிவிட்ட நிலையில், பஸ்ரா, பக்தாத் வழியாகப் பேருந்தில் ஜோர்டானின் அம்மானை அடைந்தார். அங்கிருந்து ஏர் இந்தியா விமானங்கள் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் ஒரு இலட்சத்து எழுபதாயிரம் இந்தியரைத் தாயகம் சேர்த்தன. அவர்களுள் மாமாவும் ஒருவர்.

அவர் வீடு வந்து சேர்ந்த நாள் நமக்கு நினைவிருக்கிறது. நமக்கு அப்போது வயது பத்து. எட்டாண்டு உழைப்பு ஒரே ஒரு தோள்பையாகத் திரும்பியிருந்தது. அவருடைய இடது மணிக்கட்டில் கைக்கடிகாரம் இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. "கடிகாரம் எங்கே மாமா?" என்று கேட்டோம். "நேரம் சரியில்லை என்று கழற்றிவிட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

மீண்டும் திண்டுக்கல்லுக்கே சென்றார். 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஏற்பாடில்லாத தோல் தொழிற்சாலைகள் இயங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. நிலத்தடி நீரும் விளைநிலமும் பாழாகியிருந்த நிலையில் அத்தீர்ப்பு நியாயமானதே என்று மாமாவே சொல்வார். ஆயினும் அவர் பணியாற்றிய இடம் மூடப்பட்டது. ஈராண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணிதமும் ஆங்கிலமும் கற்பித்தார். 1998ல், கல்வி, வயது, மொழியறிவு ஆகியவற்றுக்கு மதிப்பெண் அளித்துக் குடியேற்றும் முறையில் விண்ணப்பித்து, மனைவி மக்களுடன் கனடாவின் டொராண்டோ நகருக்குச் சென்றார். அங்கே இரவுக் காவலராகச் சில ஆண்டுகளும், பள்ளிப் பேருந்து ஓட்டுநராகப் பல ஆண்டுகளும் பணியாற்றி ஓய்வு பெற்றார்.

இதுதான் அவருடைய வரலாறு. இதைத்தான் நம் குடும்பம், "காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர், எதிலும் நிலைக்காதவர்" என்று சுருக்கிவிட்டது.

2009ல் அவர் ஊருக்கு வந்திருந்தபோது, உறவினர் ஒருவரின் நிக்காஹ் சபையில் நாம் பயான் செய்தோம். ஓதி முடித்துப் பட்டயம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். நாவில் வேகம் இருந்தது. இருக்கும் இடத்தில் இறைவன் தரும் ரிஸ்க்கில் நிறைவடையாமல் நாடு நாடாக ஓடுவோரைப் பற்றிப் பேசினோம். பெயர் சொல்லவில்லை. ஆனால் சபையில் இருந்த எவருக்கும் பெயர் தேவைப்படவில்லை. மாமா முதல் வரிசையில் அமர்ந்திருந்தார். சபை கலைந்ததும் எழுந்து வந்து ஸலாம் கூறித் தழுவிக்கொண்டு, "நன்றாக ஓதியிருக்கிறாய்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

2022 ஜனவரியில் அவர் டொராண்டோவில் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஜனாஸாவைத் தாராபுரத்துக்குக் கொண்டுவர வேண்டுமா என்று அவர் மகன் தொலைபேசியில் கேட்டார். உஹத் போரில் ஷஹீதானவர்களைச் சிலர் மதீனாவுக்குக் கொண்டு சென்றபோது, வீழ்ந்த இடத்திலேயே அடக்கம் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பச் செய்ததை எடுத்துரைத்து, அங்கேயே அடக்கம் செய்யச் சொன்னோம். எந்த மண்ணில் தனக்கு மரணம் என்பதை எவரும் அறியார் என்று லுக்மான் அத்தியாயத்தின் இறுதி வசனம் உணர்த்துகிறதல்லவா? பனி மூடிய ஒரு கப்ருஸ்தானில் அவர் அடக்கமானார்.

அடுத்த ஆண்டு அவருடைய மகன் ஊர் வந்தபோது, ஒரு பழைய கணக்கு நோட்டை நம்மிடம் கொடுத்து, "இதில் அத்தா ஏதோ எண்ணி வைத்திருக்கிறார், உங்களுக்கு விளங்கும்" என்றார். முதல் பக்கத்தில் ஒரு பெருக்கல் இருந்தது. மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு 365 நாட்கள், நாளொன்றுக்கு ஃபர்ளு ஐந்து, வித்ரு ஒன்று, மொத்தம் 6,570. அதன் கீழே ஒரு குறிப்பு: பருவமடைந்தது முதல் பள்ளியை விட்டு வெளியேறியது வரை தொழுகையில் கவனமின்றி இருந்ததாகவும், தடுத்தவர் எவருமில்லை, தம் சோம்பலே காரணம் என்றும், எவை தவறின என்பது திட்டமாகத் தெரியாததால் முழுவதையும் கணக்கில் எடுத்ததாகவும் எழுதியிருந்தார்.

அடுத்த பக்கங்கள் முழுவதும் கோடுகள். நான்கு நேர்க்கோடுகள், அவற்றைக் குறுக்கே வெட்டும் ஐந்தாவது கோடு. பக்கம் பக்கமாகக் கழா தொழுகையின் கணக்கு. 1979ல் திண்டுக்கல்லில் தொடங்கியது. குவைத்தில் தொடர்ந்தது. அம்மான் முகாமில் இருந்த நாட்களுக்கும் கோடுகள் இருந்தன. இடையில் ஈராண்டுகள் வெறுமையாகக் கிடந்தன. பின்னர் டொராண்டோவின் இரவுக் காவல் நாட்களில் கோடுகள் நெருக்கமாயின. 2004ல் இறுதிக் கோட்டின் அருகே தேதியும் "அல்ஹம்துலில்லாஹ்" என்ற ஒரு சொல்லும் மட்டுமே இருந்தன.

2009ல் நாம் அவரை முன்வரிசையில் வைத்துப் பயான் செய்தபோது, அந்தக் கணக்கு முடிந்து ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன.

இச்செய்தியை வீட்டில் சொன்னபோது, நம் சின்னம்மா அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். இளம் வயதில் விதவையான அவருக்கு, பிள்ளைகள் தலையெடுக்கும் வரை மாமா மாதந்தோறும் பணம் அனுப்பியிருக்கிறார். வேலை மாறிய மாதங்களிலும், வேலையே இல்லாத மாதங்களிலும் அது நிற்கவில்லை. 1990ல் ஒரே பையுடன் வந்த அந்த மாதம், கடிகாரம் விற்ற பணம் வந்ததாம். "யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருந்தார்" என்று கூறி அழுதார்.

சகோதரர்களே, இங்குதான் நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். நிலைத்திருத்தல் என்பதற்கு மார்க்கத்தில் இஸ்திகாமத் என்ற உயர்ந்த சொல் உண்டு. அது எதைக் குறிக்கிறது? சிறிதாயினும் இடைவிடாது செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானது என்பது அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் வந்துள்ள நபிமொழியின் கருத்து. நிலைத்தன்மை அமலுக்குரியது. சம்பளம் தரும் இடத்துக்குரியது அன்று. நாமோ அச்சொல்லை இடம் மாற்றி வைத்துவிட்டோம். முப்பது ஆண்டுகள் ஒரே கடையில் அமர்ந்து, வட்டிக் கணக்கும் எழுதி, சகோதரியின் சொத்துப் பங்கையும் தராதவரை நிலையானவர் என்கிறோம். ஏழு இடங்களில் உழைத்து, ஒரு கடமையையும் ஓர் உறவையும் விடாது பற்றியவரை நிலையற்றவர் என்கிறோம்.

நபிமார்களின் வரலாறு நமக்குத் தெரியாததன்று. மூஸா (அலை) அவர்கள் ஃபிர்அவ்னின் மாளிகையில் வளர்ந்து, அஞ்சி ஊரை விட்டு வெளியேறி, மத்யனில் எட்டோ பத்தோ ஆண்டுகள் கூலிக்கு ஆடு மேய்க்க ஒப்புக்கொண்டார்கள். யூசுஃப் (அலை) அவர்கள் விற்கப்பட்டு, ஒரு வீட்டில் வளர்ந்து, சிறையில் கிடந்து, பின்னர் ஒரு நாட்டின் களஞ்சியங்களுக்குப் பொறுப்பேற்றார்கள். நம் நபி (ஸல்) அவர்கள் மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்தார்கள், வணிகமும் செய்தார்கள். மதீனாவுக்கு வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அவர்கள் அதற்காக துஆச் செய்துவிட்டு, கடைவீதி எங்கே என்றே கேட்டார்கள். பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றுத் தம் வாழ்வைத் தொடங்கினார்கள். புதிய ஊரில் சிறு தொழிலிலிருந்து தொடங்குவது இழிவென்றால், இழிவென்று எவரைச் சொல்வோம்?

எனினும், மாமாவின் பயணம் அனைத்தையும் ஹிஜ்ரத் என்று புனிதப்படுத்தவும் நாம் விரும்பவில்லை. அல்லாஹ்வின் பூமி விசாலமானது என்று உணர்த்தும் அந்நிஸா அத்தியாயத்தின் 97ஆம் வசனம், மார்க்கத்தைப் பேண இயலாது ஒடுக்கப்பட்டோரைப் பற்றியது. சம்பளத்துக்காகக் கடல் கடப்போர் அதைத் தமக்குச் சான்றாக எடுப்பது முறையன்று. புகாரியின் முதல் ஹதீஸ் நமக்குப் போதுமானது: செயல்கள் நிய்யத்தைப் பொறுத்தவை, உலகத்துக்காகவோ ஒரு பெண்ணை மணப்பதற்காகவோ ஹிஜ்ரத் செய்தவருக்கு அதுவே பலன். குடும்பத்துக்கு உணவளிக்கும் நிய்யத்தில் ஹலாலாக உழைப்பது தன்னளவிலேயே நன்மைதான். அதற்கு ஹிஜ்ரத் என்ற பெயர் தேவையில்லை.

மாமாவிடம் குறை இருந்தது. அதையும் மறைக்கலாகாது. 1987ல் நம் பாட்டியார் மரணப் படுக்கையில் அவர் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார். குவைத்தில் தந்தி கிடைத்தபோது அடக்கம் முடிந்துவிட்டது. அது அவர் கைமீறியது. ஆனால் கனடா சென்றபின் 2009 வரை அவர் ஒருமுறைகூட ஊர் வரவில்லை. அந்தப் பதினோரு ஆண்டுகளில் நம் தாயார் ஒவ்வொரு பெருநாளன்றும் வாசலைப் பார்த்தார். பணம் சென்ற வழியில் மனிதரும் சென்றிருக்க வேண்டும். அறப்போருக்கு அனுமதி கேட்டு வந்த ஒருவரிடம், பெற்றோர் உயிருடன் உள்ளனரா என்று வினவி, அவர்களுக்குப் பணிவிடை செய்வதிலேயே பாடுபடுமாறு நபி (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். படைக்குச் செல்ல விரும்பும் பிள்ளையும், விசாவுக்கு வரிசையில் நிற்கும் இளைஞரும் முதலில் ஓத வேண்டிய ஹதீஸ் இது.

ஆகவே அவரிடம் நாம் குறை கண்டிருக்க வேண்டிய இடம் ஒன்று. கண்ட இடம் வேறொன்று. அவர் எத்தனை வேலை மாறினார் என்று எண்ணினோம். அந்தப் பதினோரு ஆண்டுகளில் நாமும் அவருக்கு எத்தனை கடிதம் எழுதினோம் என்று எண்ணவில்லை. பதிலுக்குப் பதில் உறவாடுபவர் உறவைப் பேணுபவர் அல்லர். அறுந்த உறவை இணைப்பவரே பேணுபவர் என்ற நபிமொழி அவருக்கு மட்டும் சொல்லப்பட்டதன்று.

நம் சகோதரியின் வீட்டு ஆலோசனைக்குத் திரும்புவோம். சிரிப்பு அடங்கியபின் நாம் அந்த நோட்டின் கதையைச் சொன்னோம். பின்னர் பிள்ளையை அனுப்பலாம் என்றே கருத்துக் கூறினோம். கூடவே மூன்று செய்திகளை வலியுறுத்தினோம்.

ஒன்று, தேர்வுக்குரிய கணிதத்தைக் கற்பிக்கும் அதே கவனத்துடன், தொழுகையின் சட்டங்களையும், தவறினால் கழாச் செய்யும் முறையையும், அவன் விடுதிக்குச் செல்லுமுன் கற்பிக்க வேண்டும். பருவமடையும் வயதில் பிள்ளை நம் கண்ணுக்கு அப்பால் இருப்பான். அவ்வயதின் சட்டங்களைப் பத்து வயதிலேயே சொல்லி அனுப்புவது பெற்றோரின் கடமை. உஸ்தாதுகளாகிய நம்முடைய கடமையும்கூட. மாமா 1966ல் புறப்பட்டபோது அவ்வாறு சொல்லி அனுப்பியவர் எவருமில்லை. விடுமுறையில் வரும் விடுதி மாணவர்களுக்கென ஒரு வகுப்பு நம் மத்ரஸாவில் இதுவரை இல்லை. வரும் கோடை விடுமுறையில் இன்ஷா அல்லாஹ் தொடங்க எண்ணியுள்ளோம்.

இரண்டு, அப்பள்ளிகளில் பயில்வோர் அனைவரும் படை அதிகாரிகள் ஆவதில்லை. ஆகாவிட்டால், "போனபடி வந்தான்" என்ற சொல் நம் வீட்டில் எவர் வாயிலிருந்தும் வரக் கூடாது. விடியுமுன் எழும் பழக்கம் ஃபஜ்ரு தொழுகைக்கு உதவும். கற்ற ஆங்கிலமும் கணக்கும் உழைப்புக்கு உதவும். மாமாவின் கோடுகள்கூட, நாளும் வருகை எடுக்கும் அந்த ஒழுங்கிலிருந்து பிறந்தவையே என்று நாம் கருதுகிறோம்.

மூன்று, அவன் எங்கு சென்றாலும் தாயின் குரலைக் கேட்கவும், முகத்தைக் காணவும் வர வேண்டும். இதைத் தாயே அவனிடம் உறுதிமொழியாகப் பெற வேண்டும். பணம் அனுப்புதல் இதற்கு ஈடாகாது.

மூத்தவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பின்னர், "அந்த நோட்டை எனக்கும் காட்டு" என்றார். பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிள்ளையின் விண்ணப்பம் அனுப்பப்பட்டுவிட்டது. தேர்வு அல்லாஹ்வின் நாட்டப்படி அமையும்.

நம்மைப் பற்றிய ஒன்று எஞ்சியிருக்கிறது. 2009ல் பேசிய பேச்சுக்காக மாமாவிடம் நாம் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த வருகையில் கேட்கலாம் என்றிருந்தோம். அடுத்த வருகை இல்லை. உயிருடன் இருப்பவரிடம் கேட்பது எளிது. மறைந்தவருக்கோ பாவமன்னிப்புத் தேடலும், அவரைக் குறை சொன்ன சபைகளிலேயே அவருடைய நன்மையை எடுத்துரைத்தலுமே நம்மால் இயன்றவை. அன்றைய சபையில் இருந்தோர் பலர் இப்பக்கத்தை வாசிப்பவர்கள். எனவே இங்கே சொல்லிவிட்டோம். மிம்பரிலும் மேடையிலும் பேசும் நம் ஆலிம் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: முன்வரிசையில் இருப்பவரின் கணக்கு நோட்டு நம் கையில் இல்லை என்பதை நினைவிற் கொண்டு பேசுவோமாக.

யா அல்லாஹ், அவருடைய பிழைகளைப் பொறுத்து, அவருடைய கப்ரை விசாலமாக்குவாயாக. ஊரில் இருப்போரையும் கடல் கடந்திருப்போரையும் கடமைகளில் நிலைத்தவர்களாக ஆக்குவாயாக. ஆமீன்.

வல்லாஹு அஃலம்.